என் இருக்கை காலியாக இருந்த சீசன்

1998-ஆம் வருடம், இலையுதிர் காலம். டெக்சஸில் இலை உதிர்வதெல்லாம் பேருக்குத்தான். செப்டம்பர் வெயில் நம் ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்குச் சவால் விடும். நாங்கள் அப்போது டாலஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் குடியிருந்தோம். நான் ஒரு டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். மனைவி ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். ஒரே பையன். மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஒரு சின்ன ஊர்க் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

சம்பவத்துக்குப் போவதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அதுவும் சாதாரண ரகம் இல்லை. குக்கர் விசில் கொஞ்சம் தாமதித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் நிற்பேன். விமானத்தில் உட்கார்ந்தால் பணிப்பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சிரித்தால் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். பையன் பிறந்த அன்று நான் மயங்கி விழுந்து, பிரசவ வார்டில் எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். முதலில் யாரைக் கவனிப்பது என்று நர்ஸ்கள் குழம்பிப்போனதாக மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவனுடைய பையன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்தான். பேர்தான் ஃபுட்பால். பந்தைக் காலால் தொடுகிறவர்கள் ஓர் அணிக்கு ஒருவரோ இருவரோதான். மற்ற எல்லோருக்கும் வேலை ஆளை ஆள் இடித்துச் சாய்ப்பது. ஒவ்வொருவனும் ரைஸ்மில் கதவு சைஸில் இருப்பான். என் பையன் உயர்நிலைப் பள்ளியில் சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து, ஆடியவன், நல்ல கால். அதனால் அவனைக் கிக்கராக எடுத்துக்கொண்டார்கள். மைதானத்தின் கோடியில் ஒரு கம்பம், அதற்கு மேல் இரண்டு கை. ராட்சசன் ஒருவன் உண்டிவில் கவட்டையை நட்டு வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தக் கவட்டைக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப வேண்டும். ஆட்டம் முழுக்க ஓரமாக நின்றுகொண்டிருந்துவிட்டு, எல்லோரும் நகத்தைக் கடிக்கிற சமயத்தில் மட்டும் உள்ளே வருகிற உத்தியோகம்.

முதல் மூன்று வருடம் அவன் மாற்று ஆள். ஒரு தடவைகூட உள்ளே இறக்கவில்லை. யூனிஃபார்ம் துவைக்காமலே வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்து உலகத்திலேயே மிகவும் சந்தோஷப்பட்ட அப்பா நானாகத்தான் இருப்பேன். அந்த ஆகஸ்டில் ஒரு போன் வந்தது.

"அப்பா, மெயின் கிக்கர் நான்தான். கோச் இப்பத்தான் சொன்னார்."

"உன்னை யாராவது இடிப்பாங்களாடா?"

"கிக்கரை இடிச்சா பெனால்டி, அப்பா."

"பெனால்டி இடிச்சவனுக்கு. எலும்பு யாருக்கு?"

சிரித்துவிட்டு, "ஜஸ்ட் கம் அண்ட் வாட்ச்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மனைவிக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட். ஆட்டமெல்லாம் சனிக்கிழமைதான். ஆகவே தனியாகத்தான் போனேன். பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேடியம். அலுமினியப் பெஞ்சுகள். மேல் வரிசையில் அப்பாமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் பெரிய தொப்பி வைத்த ஒருவர். அவருடைய பையன்தான் அணியிலேயே ஆகப் பெரியவன். என் பையனை இடிக்க வருகிறவனை இடிப்பதுதான் அவன் வேலை என்று தெரிந்ததும், தொப்பிக்காரருக்கு நான் சம்பந்தி மரியாதை கொடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னை 'டாக்' என்று கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர் என்று மூன்று வாரம் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

முதல் ஆட்டத்தில் பையன் முதல் தடவையாக உள்ளே ஓடி வந்தான். எதிரே நின்றவர்களின் அளவைப் பார்த்தேன். எழுந்து கழிவறையைப் பார்த்து ஓடினேன். பெஞ்சுகளுக்கு அடியில் பாதி தூரம் போயிருப்பேன், தலைக்கு மேலே இடி இடித்தது. ஸ்டேடியமே சரிந்துவிட்டது என்று நினைத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஜனங்கள் சந்தோஷத்தில் காலைத் தட்டிய சத்தம் அது. பந்து உள்ளே போய்விட்டது.

இரண்டாம் தடவை, அசிங்கமாக இருக்குமே என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். 'ஓ...' என்று ஒரு முனகல் கேட்டது. பந்து வெளியே. மூன்றாம் தடவை வீம்பையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவிட்டேன். மறுபடியும் தலைக்கு மேலே இடி.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தொப்பிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இழுவை இங்கிலீஷை நம் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்.

"டாக், நீங்க போனப்ப உள்ள போச்சு. இருந்தப்ப வெளிய போச்சு. மறுபடி போனீங்க, மறுபடி உள்ள."

"தற்செயல்."

"தற்செயலா?" தன் சட்டையைப் பிடித்துக் காட்டினார். "சீசன் முடியற வரைக்கும் இதைத் துவைக்க மாட்டேன். என் வீட்டுக்காரி என்னைக் கராஜ்லதான் சாப்பிட விடுவா. இதெல்லாம் தற்செயல்னா நினைக்கறீங்க?"

எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் இந்த சாஸ்திரத்தில் நான் கரை கண்டவன். கோயமுத்தூரில் படித்தபோது ஹாஸ்டலில் ஒரே ரேடியோ. டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது நல்ல ஜோடி ஆடிக்கொண்டிருந்தால் யாரும் இடம் மாறக் கூடாது. ஒற்றைக் காலில் நிற்பவன் ஒற்றைக் காலிலேயே நிற்க வேண்டும். ஒருத்தன் அறைக்குள் வந்தாலே விக்கெட் விழுந்தது. அவனை நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நிறுத்தி வைத்தோம். டீ, பன் எல்லாம் அங்கேயே போய்விடும். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. தேசத்துக்காக நிற்கிறோம் என்று பெருமையாகவே நின்றான். அந்தத் தண்ணீர்த் தொட்டி எங்கோ டெக்சஸில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று அப்போது தெரியாது.

இந்த சாஸ்திரத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஆடுகிறவனுக்கு விஷயம் தெரியக் கூடாது. தெரிந்தால் பலிக்காது. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொப்பிக்காரர் விரலை உதட்டில் வைத்து, "பையன்கிட்ட மூச்சு விடக்கூடாது, டாக்" என்றார். மனுஷன் பூர்வ ஜென்மத்தில் எங்கள் ஹாஸ்டலில்தான் இருந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து அது என் பதவியாகிவிட்டது. பையன் உதைக்க உள்ளே வந்தால், மேல் வரிசை அப்பாமார்கள் அத்தனை பேரும் தேருக்கு வழி விடுகிற மாதிரிக் காலை மடக்கிக்கொள்வார்கள். நான் கம்பீரமாக இறங்கிப் போவேன். ஓடிப் போவதற்கு ஊரே கூடி வழிவிட்டால் என்னை மாதிரி ஆளுக்கு வேறென்ன வேண்டும்? பெஞ்சுக்கு அடியில் எனக்கென்று ஒரு தூண். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். தூண் அதிர்ந்தால் பந்து உள்ளே. அதிராவிட்டால் வெளியே. வெளியே போன நாட்களுக்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. "இன்னைக்கு லேட்டா எந்திரிச்சீங்க, டாக்" என்று தொப்பிக்காரர் கண்டிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அக்டோபர் வந்தது. தொப்பிக்காரரின் சட்டை அதற்குள் சட்டையாக இல்லை. தனியாக மூச்சு விடுகிற ஒரு ஜீவனாக மாறியிருந்தது. அணியோ பல வருடங்களாகப் பாதி ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்ததே இல்லை. இந்த வருடம் ஒன்று ஜெயிப்பார்கள், ஒன்று தோற்பார்கள், அடுத்ததை மறுபடி ஜெயிப்பார்கள். காலேஜ் ஊரின் பெட்ரோல் பங்கில்கூட ஃபுட்பால் பேச்சுதான். ஒவ்வொரு வெற்றியிலும் ஒரு பங்கு என் தூணுக்கு உண்டு என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

ஆட்டம் முடிந்ததும் பையன் வியர்வையோடு வந்து என் தோளில் கையைப் போட்டு, "யூ ஓகே, அப்பா?" என்று கேட்பான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வாரமும். ஜெயித்துவிட்டு வந்தவன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவை விசாரிக்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "காஃபியைக் குறைச்சுக்கோங்க" என்றும் சொல்வான். என்ன பாசம் என்று காப்பெல் நண்பர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்த மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ராத்திரியில எத்தனை தடவை எந்திரிக்கறீங்க?"

"நான் எங்கே எந்திரிக்கிறேன்?"

"சும்மாதானுங்க கேட்டேன்."

மறுநாள் காலையில் என் காஃபி டம்ளருக்குப் பக்கத்தில், லேபிலிருந்து கொண்டுவந்த மூடி போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று உட்கார்ந்திருந்தது. "இதுல புடிச்சுக் குடுத்துட்டு அப்பறம் காஃபியக் குடிங்க" என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, "நாப்பத்தெட்டு வயசாச்சல்லங்க" என்று மட்டும் பதில் வந்தது. சுகர் இல்லை என்று ரிசல்ட் வந்தது. அவள் முகத்தில் நிம்மதி இல்லை, ஏமாற்றம்தான் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு யூரின் ஸ்பெஷலிஸ்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள்.

அந்த டாக்டர் என்னை நிற்க வைத்துப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார். கடைசியில் கையுறையை மாட்டிக்கொண்டு, "திரும்பிச் சுவரைப் பாருங்கள், மூச்சை இழுத்து விடுங்கள்" என்றார். மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை. சுவரில் ஒரு மலைக் காட்சிப் படம் மாட்டியிருந்தது. அந்த மலையின் ஒவ்வொரு பாறையும் எனக்கு இன்றைக்கும் அத்துப்படி. என்னவோ என் வயதைக் கண்டு மனைவி பயந்துவிட்டாள், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "முப்பது வயசுக்காரர் மாதிரி இருக்கீங்க" என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தார். பெருமையாக வெளியே வந்து சொன்னேன். மனைவி பெருமூச்சு விட்டு, "அப்ப வேற என்னவோ" என்றாள்.

நவம்பர் பாதியில் கடைசி ஆட்டம் வந்தது. அதுவரை ஐந்து ஜெயம், நான்கு தோல்வி. இதையும் ஜெயித்தால் பல வருடங்களுக்குப் பிறகு தலை நிமிர்ந்த சீசன். தோற்றால் பழைய கதைதான். அன்றைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. கடைசி வருடப் பையன்கள் ஒவ்வொருவரும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் தன் அப்பா அம்மாவோடு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். மைக்கில் பேரைச் சொல்வார்கள். மனைவி லீவு போட்டாள். ஹாலப்பினோ மிளகாயில் பஜ்ஜி போட்டு அலுமினிய ஃபாயிலில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மேல் வரிசையில் அந்த பஜ்ஜி வாசனைக்கும் தொப்பிக்காரரின் சட்டைக்கும் நடந்த போட்டியில் பஜ்ஜி சிரமப்பட்டுத்தான் ஜெயித்தது.

மைதானத்து வாசலில் வரிசையாக நின்றோம். பையன் நடுவில். ஹெல்மெட் ஒரு கையில், இன்னொரு கை என் முழங்கையில். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நோயாளியைத் தாங்குகிற பிடி.

"அப்பா, இன்னைக்கும் நடுவுல போகணும்னா போங்க. ஐ வோன்ட் லுக்."

"எங்கே போகணும்?"

"ரெஸ்ட்ரூம். டெஸ்ட் எல்லாம் நார்மல்னு அம்மா சொன்னா. பட் ஸ்டில்..."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவன் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சொன்னதைக் கூட்டிப் பார்த்தபோது என் காது சூடாகிவிட்டது. உதைப்பதற்கு முன் மேல் வரிசையில் நான் இருக்கிற இடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பது அவன் வழக்கமாம். முதல் ஆட்டத்தில் பார்த்தபோது நான் படியில் அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தேன். சரி, வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். எப்போது பார்த்தாலும் என் இடம் காலி. அப்பாவுக்கு ஏதோ வந்திருக்கிறது, எங்களிடமிருந்து மறைக்கிறார் என்று முடிவு கட்டி அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். கப், சுவர், மலைக் காட்சி எல்லாம் அந்த போனின் விளைவுதான்.

"டக்குனு கிக் பண்ணிட்டு மறுபடி பார்ப்பேன், நீங்க வந்துட்டீங்களான்னு" என்றான்.

அவன் எலும்புக்காக நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அதே நேரத்தில் என் சிறுநீரகத்துக்காகப் பயந்துகொண்டே பந்தை உதைத்திருக்கிறான். சீசன் முழுக்க இப்படியே ஓடியிருக்கிறது.

எங்களுக்கு முன்னால் இரண்டே குடும்பங்கள்தான் மிச்சம். சொன்னால் பலிக்காது என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. அவன் பிடித்திருந்த முழங்கை இன்னொரு பக்கம். சொல்லிவிட்டேன். சட்டை, தண்ணீர்த் தொட்டி, தூண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப... அந்த டாக்டரு?"

"ஆமா."

"செவுத்தப் பாத்துட்டு நின்னீங்களே?"

"ஆமாங்கறேன்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பையன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ஸோ... நான் கிக் பண்ணி நீங்க பார்த்ததே இல்லையா? நாட் ஈவன் ஒன்ஸ்?"

"ஒரு தடவை உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கிட்டு."

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு, "தென் ஸ்டே டுடே" என்றான். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மைக்கில் எங்கள் குலதெய்வத்துக்கே அடையாளம் தெரியாதபடி எங்கள் பேரைச் சொன்னார்கள். நடந்தோம். அப்போது எடுத்த போட்டோ எங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் ஜாமீன் கிடைக்காத ஆள் மாதிரி இருக்கிறேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. பையனுக்கு வேலையே வரக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எல்லா சாமியும் கிட்டத்தட்ட ஒத்துழைத்தார்கள். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. எங்கள் பக்கம் போட்ட ஒரே டச்டவுனுக்குப் பிறகுகூட, கோச் ஒரு புள்ளிக்காக உதைக்கச் சொல்லாமல் இரண்டு புள்ளிக்காகப் பந்தோடு ஓடச் சொன்னார். அது வீணாகப் போனது. அதனால் எங்களுக்கு ஆறு புள்ளி, அவர்களுக்கு ஏழு. கடிகாரத்தில் சில விநாடிகளே இருந்தபோது, எங்கள் அணி கம்பத்திலிருந்து எட்டாத தூரமும் இல்லாத, கிட்டேயும் இல்லாத ஓர் இடத்தில் வந்து நின்றது. உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி. பையன் ஓடி வந்தான்.

மேல் வரிசையில் அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் மடங்கின. தேர் கிளம்பவில்லை.

"டாக், நேரமாச்சு" என்றார் தொப்பிக்காரர்.

"இன்னைக்கு நான் போகலை."

"என்ன?"

"பையன் இருக்கச் சொல்லிட்டான்."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

மடங்கிய கால் மடங்கியபடியே இருக்க, அந்த வரிசையில் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரே நாளில் இரண்டு விதியையும் உடைத்த பாவி. பின்னாலிருந்து ஒரு குரல், "யாராவது அந்தாளைத் தூக்கிக் கீழே விட்டுட்டு வாங்கப்பா" என்றது. சிரிப்பில்லாத குரல். தூக்கி விடுகிற அளவுக்கு உடம்பு படைத்த நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். என் முழங்காலை ஒரு பெரிய கை பிடித்தது. தொப்பிக்காரர் பின்னால் திரும்பி, "அவர் பையன். அவர் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். கையை எடுக்கவில்லை. எனக்குத் தைரியம் கொடுக்கப் பிடித்திருக்கிறாரா, மனசு மாறிப் படியில் உருட்டி விடப்போகிறாரா என்று கடைசி வரை தெரியவில்லை. அது அவருடைய பையனுக்கும் கடைசி ஆட்டம்.

பையன் தயாராகி நின்ற நொடியில் எதிரணிக் கோச் டைம்-அவுட் கேட்டார். கிக்கரை நிற்க வைத்துப் பயமுறுத்துவதற்காகவே செய்கிற தந்திரம். கிக்கர் பயந்தானோ இல்லையோ, கிக்கரின் அப்பா கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை வாரமாக இல்லாத வியாதி அந்த நிமிடத்தில் நிஜமாகவே வந்தது. கழிவறைக்குப் போயே தீர வேண்டும். தொடை இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, மூச்சு விடுங்க" என்றாள் மனைவி.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இல்லீங்க, இழுத்துட்டே இருக்கறீங்க."

டைம்-அவுட் முடிந்தது. பையன் நிமிர்ந்து மேல் வரிசையைப் பார்த்தான். நான் இருந்தேன். கையை ஆட்டலாமா என்று யோசிப்பதற்குள் அவன் தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பிறகு வலது ஷூவின் நுனியை இடது காலின் பின்பக்கத்தில் தேய்த்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிண்டர்கார்டனுக்கு முதல் நாள் மஞ்சள் பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றபோது இப்படித்தான் தேய்த்துக்கொண்டு நின்றான். பயம் வந்தால் அவனுக்கு அப்படி ஒரு பழக்கம். அப்படியென்றால் இந்த சீசன் முழுக்க, ஒவ்வொரு தடவையும், என் தலைக்கு மேலே இவன் இப்படித் தேய்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். என்னிடமிருந்து அவனுக்கு மூக்கு வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பயமும் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவன் உள்ளே ஓடி வருகிறான், நான் கீழே ஓடுகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

பந்து வந்தது. உதைத்தான்.

அது அவ்வளவு உயரம் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தூணில் கையை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? விளக்குக் கம்பங்களுக்கும் மேலே, நவம்பர் வெயிலில் மெல்லச் சுழன்றுகொண்டு, கவட்டையின் நட்டநடுவைப் பார்த்துப் போனது. தொப்பிக்காரர் பாதி எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். கடைசி நேரத்தில் காற்றோ என்னவோ, கொஞ்சம் வலப் பக்கம் சாய்ந்தது. வெறும் குடத்தைக் கல்லில் இடித்த மாதிரி ஒரு சத்தம். வலது கம்பத்தில் பட்டு, வந்த வழியே கீழே விழுந்தது. நடுவர்கள் இரண்டு பேரும் கைகளைக் குறுக்கே வீசி இல்லை என்றார்கள்.

எதிரணிப் பையன்கள் ஓடி வந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் பக்கம் பெரிய பெரிய பையன்களெல்லாம் புல்லில் படுத்துவிட்டார்கள். தொப்பிக்காரரின் பையன் மட்டும் எழுந்து போய், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த என் பையனின் ஹெல்மெட்டைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான்.

மேல் வரிசை காலியாகத் தொடங்கியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இந்தத் தடவை நான் காலை மடக்கி வழிவிட, ஒவ்வொருவராக என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். தொப்பிக்காரர் மட்டும் போகவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எப்படி இருந்துது, டாக்?"

"எது?"

"அவன் கிக் பண்றதை இன்னைக்குத்தானே பார்த்தீங்க. எப்படி இருந்துது?"

"ரொம்ப உயரமாப் போச்சு" என்றேன்.

"ஆமா" என்றார். "எப்பவுமே அப்படித்தான் போகும்."

ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். காரத்தில் கண் கலங்கியது, அல்லது காரத்தால் கலங்கியதாக நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம். எழுந்து சட்டையின் நுனியை முகர்ந்து பார்த்தார். "சரி. இதைத் துவைச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கீழே போய்ப் பையனைப் பார்த்தோம். கண் சிவந்திருந்தது. தோற்றால் சொல்வதற்கென்று என்னென்னவோ ஆறுதல் வார்த்தைகளை வரும்போதே காரில் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் முதலில் அவன்தான் பேசினான்.

"யூ ஸ்டேய்ட்."

"இருந்தேன்டா. இப்ப ஒரு நிமிஷம் நில்லு, நிஜமாவே போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்கள். தோற்றுப்போன அந்த ஸ்டேடியத்தில் அன்றைக்குக் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

மூன்று வருடம் ஆகிறது. பையன் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். இந்த வருடம் கம்பெனிகள் வரிசையாக ஆளைக் குறைத்ததில் அங்கே எல்லோருக்கும் நடந்தது அவனுக்கும் நடந்துவிட்டது. "அப்பா, வேலை போயிடுச்சு" என்று போனில் சொன்னபோது என் கால் பழக்கதோஷத்தில் தோட்டத்துக் கதவைப் பார்த்துத் திரும்பியது. முன்பெல்லாம் ரிசீவரை மனைவி கையில் திணித்துவிட்டு ஓடியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுடா, கேட்டுட்டிருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் அவன் எந்தக் காலை எந்தக் காலில் தேய்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

என் பயம் எங்கேயும் போய்விடவில்லை, குக்கர் விசிலுக்கு இன்றைக்கும் வெளியேதான் நிற்கிறேன். ஆனால் உள்ளே போன பந்துகளையெல்லாம் தலைக்கு மேலே ஜனங்கள் காலைத் தட்டிய சத்தமாகத்தான் எனக்குத் தெரியும், கம்பத்தில் பட்டுத் திரும்பிய அந்த ஒன்றைத்தான் நான் கண்ணால் பார்த்தேன், அந்த சீசனில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.